நதிமார்க்: சாட்சியைக் கேட்க ஆன பத்தொன்பது ஆண்டுகள்

2003 மார்ச் 23, ஞாயிற்றுக்கிழமை. தேதியைச் சொன்னதுமே நம்மில் பலருக்கு ஜோகன்னஸ்பர்க் நினைவுக்கு வரும். உலகக் கோப்பை இறுதி ஆட்டம். பான்டிங் ஆட்டமிழக்காமல் 140. டெண்டுல்கர் முதல் ஓவரிலேயே மெக்ராத்திடம் போய்விட்டார். எங்கள் தெருவில் இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே பல வீடுகளில் டிவியை அணைத்துவிட்டார்கள். அந்த எரிச்சலோடு நாடு படுக்கப் போன நேரத்தில், தெற்குக் காஷ்மீரில் நதிமார்க் என்ற சிற்றூரில் சிலர் வீடு வீடாகக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் செய்தித்தாள்களின் முதல் பக்கத்தில் அந்த ஊருக்கு இடம் கிடைக்கத்தான் செய்தது. ஆனால் போட்டி பலமாக இருந்தது. இராக் மீது அமெரிக்கா போர் தொடங்கி நான்கு நாள்கூட ஆகவில்லை. அதே ஞாயிற்றுக்கிழமை, காஷ்மீர்த் தீவிரவாத அமைப்பான ஹிஸ்புல் முஜாகிதீனின் முன்னாள் தளபதியும் 2000-ல் போர்நிறுத்தம் அறிவித்தவருமான அப்துல் மஜீத் தார் சோபூரில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். பாக்தாதுக்கும் சோபூருக்கும் கிரிக்கெட் தோல்விக்கும் இடையில் நதிமார்க் ஒரு வாரம் தாக்குப்பிடித்தது. பிறகு அது வழக்கு எண்ணாக மாறியது: ஜைனாபோரா காவல் நிலையம், குற்ற எண் 24/2003. கொல்லப்பட்ட பண்டிதர்களும் (காஷ்மீர இந்துக்கள்) 24 பேர். எண்கள் பொருந்திப்போனது தற்செயல்தான். ஆனாலும் வழக்குக் கட்டைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் கண் அங்கே போய் நின்றுவிடுகிறது.

இந்தக் கட்டுரை அந்தக் கட்டைப் பற்றியது. கொலையைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. ஒவ்வொரு ஆண்டும் மார்ச் 23 அன்று அஞ்சலி உண்டு, மேடைப் பேச்சு உண்டு. வழக்கு எந்த இடத்தில், எதனால் நின்றது என்பதைப் பேசுகிறவர்கள் மிகக் குறைவு. அது நின்ற இடம் விசித்திரமானது. குற்றவாளி யாரென்று தெரியாமல் நின்ற வழக்கு அல்ல இது. சாட்சி இல்லாமலும் நிற்கவில்லை. சாட்சிகள் இருந்தார்கள், உயிரோடு, முகவரியோடு, சில நூறு கிலோமீட்டர் தள்ளி. அவர்களை எந்த ஊரில் உட்கார வைத்துக் கேட்பது என்ற கேள்வியில்தான் வழக்கு நின்றுபோனது.

அந்த இரவு

1990-ல் பள்ளத்தாக்கை விட்டுப் பண்டிதர்கள் பெருவாரியாக வெளியேறியபோது எல்லோரும் போய்விடவில்லை. ஆங்காங்கே சில குடும்பங்கள் தங்கின. நிலமும் தோட்டமும் இருந்தன, வயதானவர்கள் அசைய மறுத்தார்கள், அக்கம்பக்கத்து முஸ்லிம் குடும்பங்கள் மேல் நம்பிக்கையும் இருந்தது. 2010-ல் மாநில அரசு தந்த கணக்குப்படி பள்ளத்தாக்கில் மிஞ்சியிருந்தவை 808 பண்டிதக் குடும்பங்கள். நதிமார்க்கில் இருந்தவர்களும் இப்படித் தங்கியவர்கள்தான். அன்று அந்த ஊர் புல்வாமா மாவட்டத்தில் இருந்தது, இன்று ஷோபியான் மாவட்டத்தில் இருக்கிறது.

இரவு பத்தரை, பதினொரு மணி வாக்கில் ராணுவச் சீருடை அணிந்தவர்கள் வந்தார்கள். சோதனை, வெளியே வாருங்கள் என்றார்கள். பள்ளத்தாக்கில் இது புதிய விஷயமே இல்லை. நள்ளிரவில் சீருடைக்காரர்கள் வந்து கூப்பிடுவதும், ஊரே வெளியே வந்து வரிசையில் நிற்பதும் அங்கே அன்றாடம். அந்தப் பழக்கம் கொலையாளிகளுக்குக் கைகொடுத்தது. கதவை உடைக்க வேண்டிய அவசியம் அதிகம் ஏற்படவில்லை. வெளியே வந்தவர்களை ஊர் நடுவில் சினார் மரத்தருகே வரிசையாக நிறுத்திச் சுட்டார்கள். ஆண்கள் 11, பெண்கள் 11, சிறுவர்கள் 2. மூத்தவருக்கு வயது 65, இளையவனுக்கு 2. வீடுகளில் இருந்த நகைகளும் போயின. முதல் தகவல் அறிக்கையில் கொலை, கொலை முயற்சி, குற்றச் சதி ஆகியவற்றோடு கூட்டுக் கொள்ளைக்கான பிரிவும் சேர்ந்தது அதனால்தான்.

இருட்டில் ஒளிந்தவர்கள் பிழைத்தார்கள், குண்டடி பட்டும் சிலர் பிழைத்தார்கள். வழக்கின் நேரடி சாட்சிகள் அவர்கள்தாம்.

ஊரில் போலீஸ் காவல் இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். சிறுபான்மையினர் வாழும் கிராமம் என்பதால் அங்கே காவலர்கள் நிறுத்தப்பட்டிருந்தார்கள். அந்தக் காவல் அன்றிரவு ஒன்றையும் தடுக்கவில்லை. 2002 நவம்பரில் பதவிக்கு வந்த முஃப்தி முகமது சயீது அரசு, பண்டிதர்களைத் திரும்ப அழைத்துக் குடியமர்த்துவது பற்றிப் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. போனவர்களைத் திரும்பக் கூப்பிடும் பேச்சு நடக்கையில் இருந்தவர்களைச் சுட்டால் அதன் பொருள் பள்ளத்தாக்கு முழுவதற்கும் புரியும். புரிந்தது. நதிமார்க்கில் மிஞ்சியவர்கள் ஊரைக் காலிசெய்துவிட்டு ஜம்முவுக்குப் போனார்கள். துணைப் பிரதமர் அத்வானி வந்து பார்த்தார். பள்ளத்தாக்கிலும் கண்டனக் குரல்கள் எழுந்தன.

சாட்சிகள் ஊரைவிட்டுப் போனார்கள் என்ற இந்த ஒரு வரிதான் பின்னால் வழக்கின் கழுத்தில் கயிறாக விழுந்தது.

வழக்குக் கட்டு

தொடக்கத்தில் போலீஸ் வேகமாகவே இருந்தது. 2003 ஏப்ரலில், கொலை நடந்து மூன்று வாரத்துக்குள், ஜியா முஸ்தபா என்பவரைப் பிடித்துவிட்டதாக அறிவித்தார்கள். பாகிஸ்தான் கட்டுப்பாட்டில் உள்ள காஷ்மீரின் ராவலாகோட்டைச் சேர்ந்தவர், லஷ்கர்-இ-தொய்பா என்ற தீவிரவாத அமைப்பின் தளபதிகளில் ஒருவர், இந்தக் கொலைக்குத் திட்டமிட்டவர் என்பது போலீஸ் தரப்பு. ஏழு பேர் மீது குற்றப்பத்திரிகை தாக்கலானது. முதலில் புல்வாமா முதன்மை அமர்வு நீதிமன்றத்தில் இருந்த வழக்கு, பின்னர் ஷோபியான் முதன்மை அமர்வு நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. சில சாட்சிகள் விசாரிக்கப்பட்டார்கள். பிறகு வாய்தா, மறுபடி வாய்தா.

நீதிமன்றப் படியேறியவர்களுக்கு வாய்தாவின் ருசி தெரியும். சம்மன் போகும். சம்மன் திரும்பி வரும். மேலே ஒரு குறிப்பு: 'குறிப்பிட்ட முகவரியில் ஆள் இல்லை.' நதிமார்க் சாட்சிக்கு நதிமார்க் முகவரியில் சம்மன் போனால் வேறென்ன குறிப்பு வரும்? முகவரியைத் திருத்தி ஜம்முவுக்கு அனுப்பினாலும் சிக்கல் தீரவில்லை. சம்மனைக் கையில் வாங்குகிறவர் அகதி முகாமில் இருக்கிறார். அவர் ஜம்முவில் பஸ் ஏறி, மலைப்பாதையில் ராம்பன் கடந்து, பனிஹால் சுரங்கம் வழியாகப் பள்ளத்தாக்கில் இறங்கி, எந்த ஊரிலிருந்து உயிர் பிழைத்து ஓடினாரோ அதற்குப் பக்கத்து ஊரில் போய் நின்று, 'இவர்தான் சுட்டார்' என்று விரல் நீட்ட வேண்டும். நீட்டிவிட்டு அன்றிரவு தங்க இடம் தேட வேண்டும். ஷோபியான் என்ன ஊர் என்பதையும் மறந்துவிடக் கூடாது. அந்த ஆண்டுகளில் தீவிரவாதம் மிக ஆழமாக வேரோடியிருந்த பகுதிகளில் அதுவும் ஒன்று.

சாட்சிகள் தயங்கினார்கள். இங்கே அரசுத் தரப்பு செய்த ஒரு காரியத்தைப் பாராட்டத்தான் வேண்டும். பிறழ்சாட்சி என்று எழுதி வழக்கைக் கைகழுவாமல் விசாரணை நீதிமன்றத்தில் ஒரு மனு போட்டார்கள். முக்கியமான சாட்சிகள் பள்ளத்தாக்கை விட்டு இடம்பெயர்ந்துவிட்டார்கள், உயிருக்கு அச்சுறுத்தல் இருப்பதால் ஷோபியானுக்கு வந்து சாட்சி சொல்லத் தயங்குகிறார்கள், ஆகவே அவர்களைக் கமிஷன் மூலம் விசாரிக்க அனுமதி வேண்டும் என்பது மனு.

கமிஷன் என்றதும் யாரும் விசாரணைக் கமிஷனை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது வேறு. சாட்சி நீதிமன்றத்துக்கு வர முடியாதபோது, நீதிமன்றம் சாட்சி இருக்கும் ஊருக்குப் போகும் ஏற்பாடு. நம் ஊர் சிவில் வழக்குகளில், படுக்கையில் கிடக்கும் முதியவரின் வாக்குமூலத்தைப் பதிவுசெய்ய அட்வகேட் கமிஷனர் வீட்டுக்கே போவதைப் பலர் பார்த்திருப்பார்கள். குற்ற வழக்கிலும் இதற்கு இடம் உண்டு. ஷோபியான் நீதிபதி ஜம்முவில் இருக்கும் ஒரு நீதித்துறை நடுவருக்கு உத்தரவு அனுப்புவார். அந்த நடுவர் சாட்சியைத் தன் நீதிமன்றத்துக்கு அழைப்பார். அரசு வழக்கறிஞரும் எதிர்த்தரப்பு வழக்கறிஞரும் அங்கே போய்க் கேள்வி கேட்பார்கள். குறுக்கு விசாரணையும் அங்கேயே நடக்கும். எல்லாவற்றையும் எழுதி முத்திரையிட்டு ஷோபியானுக்கு அனுப்புவார்கள். அது வழக்கின் சாட்சியமாகிவிடும். ஒரு சாட்சிக்கு ஒரு நாள் ஆகலாம், இரண்டு நாள் ஆகலாம். அவ்வளவுதான் வேலை.

ஜம்மு காஷ்மீருக்கு அப்போது தனிக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் இருந்தது, மற்ற மாநிலங்களின் சட்டம் அங்கே செல்லாது. தண்டனைச் சட்டமும் தனிதான். டோக்ரா மன்னர் ரண்பீர் சிங்கின் பெயரால் அது ரண்பீர் தண்டனைச் சட்டம் என்று அழைக்கப்பட்டது. தனிச் சட்டம் இருந்ததால் வழி அடைபட்டுப்போனது என்று யாரும் சொல்ல முடியாது. அந்த நடைமுறைச் சட்டத்தின் 503-ஆம் பிரிவே கமிஷனுக்கு இடம் தந்தது. சாட்சியை வரவழைப்பதில் தேவையற்ற காலதாமதமோ செலவோ சிரமமோ ஏற்படுமானால் கமிஷன் அனுப்பலாம். மன்னராட்சிக் காலத்துச் சட்டத்துக்கே, நெடுந்தூரம் பயணம் செய்ய வேண்டிய சாட்சியின் கஷ்டம் தெரிந்திருக்கிறது.

2011 பிப்ரவரி 9 அன்று விசாரணை நீதிமன்றம் அந்த மனுவைத் தள்ளுபடி செய்தது.

அதே 2011-ன் மார்ச் மாதத்தில் ஜம்மு அருகே ஜக்தியில், இடம்பெயர்ந்த பண்டிதர்களுக்காக ஆயிரக்கணக்கில் கட்டிய இரண்டறைக் குடியிருப்புகளைப் பிரதமர் மன்மோகன் சிங் திறந்துவைத்தார். அரசின் ஒரு கை இவர்கள் இனி ஜம்முவில்தான் இருக்கப்போகிறார்கள் என்று ஒப்புக்கொண்டு வீடு கட்டித் தருகிறது. அரசின் இன்னொரு அங்கமோ, சாட்சி சொல்வதென்றால் ஷோபியானுக்கு வா என்கிறது. இரண்டு காகிதங்களுக்கும் இடையில் ஒரு மாத இடைவெளிதான்.

மாநில அரசு உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனு போட்டது. 2011 டிசம்பர் 21 அன்று அதுவும் தள்ளுபடியானது.

ஒன்பது நாள் கழித்து வந்த தீர்ப்பு

இந்த இடத்தில் கொஞ்சம் விலகி மும்பை வழக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு புற்றுநோய் நோயாளிக்கு அளித்த சிகிச்சை தொடர்பான குற்ற வழக்கு. முக்கிய சாட்சி அமெரிக்காவில் இருக்கும் மருத்துவர். சாட்சி சொல்லத் தயார், ஆனால் இந்தியாவுக்கு வர மாட்டேன் என்றார். வீடியோ கான்பரன்சிங்கில் கேட்கலாமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. குற்றம் சாட்டப்பட்டவர் முன்னிலையில்தான் சாட்சியம் பதிவாக வேண்டும் என்று சட்டம் சொல்கிறதே, திரையில் தெரிவது முன்னிலை ஆகுமா என்பது எதிர்த்தரப்பு வாதம். ஆகும் என்றது உச்ச நீதிமன்றம். திரையில் சாட்சியைப் பார்க்கலாம், கேட்கலாம், குறுக்கு விசாரணை செய்யலாம், முகபாவத்தைக்கூடக் கவனிக்கலாம், அதற்கு மேல் என்ன வேண்டும்? சட்டத்தைக் காலத்துக்கு ஏற்ப வாசிக்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம்.

அந்தத் தீர்ப்பு வந்த நாள் 2003 ஏப்ரல் 1. நதிமார்க்கில் சுட்டது மார்ச் 23 இரவு. இடைவெளி ஒன்பது நாள்.

அமெரிக்காவில் இருக்கும் மருத்துவரை மும்பையிலிருந்தபடியே கேட்கலாம் என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு எட்டு ஆண்டுகள் கழித்து, ஜம்முவில் இருக்கும் அகதியை ஷோபியானிலிருந்து கேட்க வழியில்லாமல் போய்விட்டது. இரண்டும் ஒரே மாநிலத்தின் ஊர்கள். அந்தத் தீர்ப்பு மத்திய நடைமுறைச் சட்டத்தை விளக்கியது, ஜம்மு காஷ்மீர் சட்டம் தனி என்று ஒருவர் வாதாடலாம். வாதாடட்டும். பின்னால் 2022-ல் உயர் நீதிமன்றம் என்ன உத்தரவு போட்டது என்பதைப் பார்த்தால் அந்த வாதத்துக்கு எவ்வளவு எடை என்பது தெரிந்துவிடும்.

என் கணிப்பில், வழக்கைச் சாய்த்தது சதி எதுவும் இல்லை. சதி என்று சொன்னால் அதில் யாருக்கோ அக்கறை இருந்தது என்றாகிவிடும். இங்கே அக்கறையே இல்லை. கொலை நடந்தபோது ஆண்ட கூட்டணி ஒன்று, மனு தள்ளுபடியானபோது ஆண்ட கூட்டணி வேறு. 2015-க்குப் பிறகு ஸ்ரீநகரில் பாஜகவும் ஆட்சியில் பங்கேற்றது, 2018 முதல் 2024 வரை நேரடியாக டில்லியின் நிர்வாகம். இவர்களில் நதிமார்க்கைப் பற்றிப் பேசாத கட்சி எது? பேசியவர்களில் ஒருவராவது அந்தக் கமிஷன் மனுவை வேகமாக நகர்த்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது.

காஷ்மீர் வழக்குகளில் அரசுத் தரப்பின் அலட்சியத்தை நீதிமன்றமே எழுதிவைத்த சந்தர்ப்பமும் உண்டு. 1990-ல் பண்டிதர்களைக் கொன்றதாகத் தொலைக்காட்சிப் பேட்டியிலேயே சொன்ன தீவிரவாதி பிட்டா கராத்தேவுக்கு 2006-ல் ஜாமீன் கொடுத்த தடா (பயங்கரவாதத் தடுப்புச் சட்டம்) நீதிமன்ற நீதிபதி, குற்றச்சாட்டுகள் மரண தண்டனை வரை போகக்கூடியவை என்பது நீதிமன்றத்துக்குத் தெரியும், ஆனால் அரசுத் தரப்பு வழக்கை நடத்துவதில் சிறிதும் ஆர்வம் காட்டவில்லை என்று பதிவு செய்தார். பதினாறு ஆண்டு சிறை, தீர்ப்பு இல்லை, பிறகு ஜாமீன்.

முதலில் குற்றம் சாட்டப்பட்டவர் இறந்தது எப்படி

ஜியா முஸ்தபா பதினெட்டு ஆண்டுகள் சிறையில் இருந்தார். ஜம்முவின் கோட் பல்வால் சிறை. கவனியுங்கள், குற்றம் சாட்டப்பட்டவரும் ஜம்முவில், சாட்சிகளும் ஜம்முவில், வழக்கு மட்டும் ஷோபியானில்.

2021 அக்டோபரில் பூஞ்ச் காடுகளில் தீவிரவாதிகளோடு மோதல் நடந்துகொண்டிருந்தது. அந்த மாதம் மட்டும் ஒன்பது ராணுவத்தினர் அங்கே உயிரிழந்தார்கள். சிறையில் இருந்தபடியே முஸ்தபாவுக்கு அந்தக் கும்பலோடு தொடர்பு இருந்தது என்று கூறி போலீஸ் அவரைக் காவலில் எடுத்தது. அக்டோபர் 24 அன்று பதுங்கிடத்தை அடையாளம் காட்டுவதற்காக மேந்தர் பக்கம் பாட்டா துரியன் காட்டுக்கு அழைத்துச் சென்றபோது தீவிரவாதிகள் சுட்டார்கள், போலீஸார் இருவரும் ராணுவ வீரர் ஒருவரும் காயமடைந்தார்கள், முஸ்தபா இறந்துவிட்டார் என்பது அதிகாரபூர்வ விவரம்.

பல பேருக்கு அன்று நிம்மதி வந்திருக்கும். அதில் எனக்கு வியப்பில்லை. ஆனால் வழக்கு என்ற முறையில் பார்த்தால் அது பெரிய நஷ்டம். 24 பேரைக் கொல்லத் திட்டமிட்டவர் இவர்தான் என்பதை எந்த நீதிமன்றமும் இதுவரை சொல்லவில்லை, இனி சொல்லவும் முடியாது. உத்தரவு எங்கிருந்து வந்தது, சீருடை எங்கே கிடைத்தது, ஊருக்குள் வழிகாட்டியவர் யார், காவலுக்கு இருந்தவர்களைப் பற்றி அவர்களுக்கு முன்பே தெரியுமா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரிந்திருக்கக்கூடியவர் என்று அரசே சொன்ன மனிதர், பதினெட்டு ஆண்டுகளில் ஒருமுறைகூட முழுமையான விசாரணையில் நிற்காமல் போய்ச் சேர்ந்தார்.

துப்பாக்கியால் முடிக்கப்படும் வழக்குக்குக் காஷ்மீரில் மிகக் கசப்பான முன்னுதாரணம் இருக்கிறது. 2000 மார்ச் 20 அன்று சிட்டிசிங்போராவில் 35 சீக்கியர்கள் கொல்லப்பட்டார்கள். ஐந்தே நாளில் பத்ரிபலில் ஐந்து பேரைச் சுட்டுக் கொன்று, இவர்கள்தான் அந்தக் கொலையாளிகள் என்று அறிவித்தார்கள். பிறகு மரபணுச் சோதனையில் அவர்கள் உள்ளூர்க்காரர்கள் என்று தெரிந்தது. போலி மோதல் என்று சிபிஐ 2006-ல் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. 2014-ல் ராணுவம் போதிய ஆதாரம் இல்லை என்று அந்த வழக்கை மூடியது. 35 சீக்கியர்களுக்கும் நீதி இல்லை, ஐந்து கிராமத்தவருக்கும் இல்லை. முஸ்தபா விஷயம் பத்ரிபல் போன்றது என்று நான் சொல்லவில்லை. நீதிமன்றத்தில் சோதிக்கப்படாத கதைகள் எவ்வளவு எளிதில் சரிந்துவிழும் என்பதற்காக அதைச் சொல்கிறேன்.

தாமதம் யார் செய்தது?

நதிமார்க்கை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் ஒரு நீதிமன்றத்தின் தவறு என்று தோன்றலாம். ஆனால் இதற்கு முன்பும் படுகொலைகள் உண்டு. 1997 மார்ச்சில் சங்கிராம்போராவில் 7 பண்டிதர்கள். 1998 ஜனவரி 25 இரவு, குடியரசு தினத்துக்கு முந்தின இரவு, வந்தாமாவில் 23 பேர். வந்தாமாவில் அந்த வீடுகளிலிருந்து பிழைத்தது ஒரு சிறுவன் மட்டுமே. இரண்டு வழக்குகளிலும் போலீஸ் கடைசியில் எழுதியது 'குற்றவாளிகள் கண்டறியப்படவில்லை' என்ற வரிதான். அவற்றோடு ஒப்பிட்டால் நதிமார்க் வழக்கு கொடுத்துவைத்தது. அதற்குக் குற்றப்பத்திரிகையாவது இருந்தது.

1989 முதல் 2004 வரை கொல்லப்பட்ட பண்டிதர்கள் 219 பேர் என்று 2010-ல் மாநில அரசு சட்டமன்றத்தில் சொன்னது. பண்டிதர் அமைப்புகள் இதை ஏற்பதில்லை, எண்ணிக்கை பல மடங்கு என்கின்றன. 215 வழக்குகளை மறுபடி விசாரிக்க வேண்டும் என்று 'ரூட்ஸ் இன் காஷ்மீர்' என்ற அமைப்பு உச்ச நீதிமன்றம் போனது. 2017 ஜூலையில் தலைமை நீதிபதி கேஹர், நீதிபதி சந்திரசூட் அமர்வு மனுவைத் தள்ளுபடி செய்தது. 27 ஆண்டுகள் ஓடிவிட்டன, இனி சாட்சியங்கள் கிடைப்பது அரிது என்பது காரணம். மறுஆய்வு மனுவும் தள்ளுபடியானது. 1984 சீக்கியர் படுகொலை வழக்கில் சஜ்ஜன் குமாருக்கு 34 ஆண்டு கழித்து, 2018 டிசம்பரில் டில்லி உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்ததைச் சுட்டிக்காட்டி, கடைசி வாய்ப்பான குறைதீர் மனுவும் போட்டார்கள். 2022 நவம்பரில் அதுவும் தள்ளுபடி.

காலம் கடந்தால் சாட்சியம் தேயும் என்பது உண்மை. எந்த வழக்கறிஞரும் மறுக்க மாட்டார். ஆனால் அந்தக் காலத்தைக் கடத்தியவர் யார் என்று நதிமார்க் கட்டைப் புரட்டினால் தெரியும். சாட்சிகள் 2003-லேயே இருந்தார்கள். 2011-லும் இருந்தார்கள். அரசுத் தரப்பே அவர்களைக் கேளுங்கள் என்று எழுதிக் கொடுத்தது. கேட்காமல் இருந்துவிட்டு, காலம் போய்விட்டதே என்று அதே அமைப்பின் இன்னொரு மேசையிலிருந்து பதில் வந்தால், மனுதாரர் எந்தக் கதவைத் தட்டுவது?

2022

இந்தக் கதையில் நல்ல திருப்பம் ஒன்றும் உண்டு. 2011-ல் போட்ட தள்ளுபடி உத்தரவைத் திரும்பப் பெற வேண்டும் என்ற மனு உயர் நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தது. 2022 ஆகஸ்டில் நீதிபதி சஞ்சய் தர் அதை ஏற்று, பழைய உத்தரவைத் திரும்பப் பெற்றார். தான் போட்ட இறுதி உத்தரவை நீதிமன்றம் தானே திரும்பப் பெறுவது அபூர்வம். சீராய்வு மனு மறுபடி உயிர் பெற்றது. அக்டோபரில் நீதிபதி வினோத் சட்டர்ஜி கோல் அந்த மனுவை ஏற்றார். 2011 பிப்ரவரி உத்தரவு ரத்து. சாட்சிகளைக் கமிஷன் மூலமோ வீடியோ கான்பரன்சிங் மூலமோ விசாரிக்க வேண்டும், வழக்கைக் கூடிய விரைவில் முடிக்க வேண்டும் என்று விசாரணை நீதிமன்றத்துக்கு உத்தரவிட்டார்.

மனுவில் கேட்டது இதைத்தான்.  அதைக் கொடுக்கப் பதினோரு ஆண்டும் எட்டு மாதமும் ஆகியிருக்கிறது. 2003 ஏப்ரல் 1 தீர்ப்பிலிருந்து எண்ணினால் பத்தொன்பதரை ஆண்டு. இடையில் 2018-ல் மகேந்தர் சாவ்லா வழக்கில் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் சட்டமாக்கியது. அச்சுறுத்தலின் அளவைப் பொறுத்து சாட்சியின் அடையாளத்தை மறைப்பது, நீதிமன்றத்துக்கு அழைத்துச் சென்று திருப்பிக் கொண்டுவந்து விடுவது, குற்றவாளியை நேருக்கு நேர் பார்க்காமல் சாட்சி சொல்ல வைப்பது என எல்லாம் அதில் இருக்கின்றன. 2019-ல் ரண்பீர் தண்டனைச் சட்டமும் தனி நடைமுறைச் சட்டமும் முடிவுக்கு வந்தன. 2024 ஜூலையில் அமலான புதிய நடைமுறைச் சட்டம், விசாரணை முழுவதையும் மின்னணு வழியில் நடத்தவே இடம் தருகிறது. கருவிகளுக்கு இன்று பஞ்சமே இல்லை.

சாட்சிகளுக்குத்தான் வயதாகிவிட்டது. அன்று முப்பது வயதில் இருந்தவருக்கு உத்தரவு வந்தபோது நாற்பத்தொன்பது. அன்று ஐம்பத்தைந்தில் இருந்தவருக்கு அப்போது எழுபத்து நான்கு, உயிரோடு இருந்தால். முதல் எதிரியான முஸ்தபா உயிரோடு இல்லை. விசாரணை அதிகாரிகள் எப்போதோ ஓய்வுபெற்றிருப்பார்கள், அவர்களையும் தேடிப் பிடிக்க வேண்டும். இந்த நிலையில்தான் ஜம்முவில் ஒரு நீதிமன்ற அறையில் திரை முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டு சாட்சியை உட்கார வைப்பார்கள். திரையின் மறுமுனையில் ஷோபியான். பெயர், தந்தை பெயர், வயது, தற்போதைய முகவரி கேட்பார்கள். உண்மையைத் தவிர வேறு எதையும் சொல்ல மாட்டேன் என்று உறுதிமொழி வாங்குவார்கள். அரசு வழக்கறிஞர் அந்த இரவுக்கு அழைத்துப் போவார். அது சுலபம், அந்த இரவு அவருக்கு மறந்திருக்காது.

பிறகு எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்திருப்பார். அவருடைய தொழில் அது, குறை சொல்ல ஒன்றும் இல்லை. சம்பவம் நடந்தது இரவு பத்தரை மணிக்கு மேல், சரியா? நீங்கள் ஒளிந்திருந்த இடத்திலிருந்து சினார் மரம் எத்தனை அடி தூரம்? அன்றிரவு ஊரில் மின்சாரம் இருந்ததா? எந்த வெளிச்சத்தில் அவருடைய முகத்தைப் பார்த்தீர்கள்?